மரத்தில் அடித்த பலகை

எங்கள் புதுச்சேரியில் அறிவிப்புப் பலகைகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நான் சிறுவனாக இருந்தபோது சில வீட்டு வாசல்களில் 'ஷியேன் மெஷான்' என்று ஒரு பலகை தொங்கும். 'பொல்லாத நாய்' என்று பொருள். பிரெஞ்சு படிக்காதவர்களும் அதைப் பார்த்ததும் சற்று ஒதுங்கியே நடப்பார்கள். பல வீடுகளில் நாயே இருக்காது என்பது வேறு விஷயம். பலகை மட்டும் காவல் காக்கும்.

இப்போது நான் எழுத வந்தது எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பூங்காவைப் பற்றி. பாரதி பூங்கா போல ஆயி மண்டபமும் சுற்றுலாப் பயணிகளும் உள்ள இடம் அல்ல. ஒரு வட்ட நடைபாதை, ஆறு சிமெண்டு பெஞ்சு, ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நடுவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள். சர்க்கரைக்காகச் சிலர், முழங்காலுக்காகச் சிலர், வீட்டில் பேச ஆள் இல்லாததற்காகச் சிலர்.

சில மாதங்களுக்கு முன் ஊஞ்சல் பக்கத்தில் ஒரு சிறுவனைத் தெருநாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் நல்ல கடி. அடுத்த வாரமே பலகை வந்துவிட்டது. "பூங்காவிற்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." அந்தத் தகரப் பலகையைத் தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரத்திலேயே நான்கு ஆணி வைத்து அடித்திருந்தார்கள். யார் உத்தரவு, எந்த விதியின் கீழ், எந்தத் தேதி என்று ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பலகையால் என்ன நடந்தது என்று பதினைந்து நாள் கவனித்தேன். தெருநாய்களுக்குப் படிக்கத் தெரியாது. அவை வழக்கம்போல வந்தன. பெரிய நாயை அவிழ்த்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடக்கும் ஒரு இளைஞரும் வழக்கம்போல வந்தார். பலகைக்குக் கட்டுப்பட்டவர் ஒரே ஒருவர்தான். கணவர் போன பிறகு தனியாக இருக்கும் ஒரு அம்மா. அறுபத்தெட்டு வயது இருக்கும். அவர் நாய்க்கும் நாய் வயதில் அவ்வளவு ஆகியிருக்கும். கழுத்தில் பட்டை, கையில் கயிறு, மடியில் மடித்து வைத்த பழைய செய்தித்தாள். நாய் அசுத்தம் செய்தால் குனிந்து எடுத்துப் போடுவார். அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன்.

"பலகை போட்டுட்டாங்களே அண்ணே. நமக்கு எதுக்கு வம்பு? ரோட்டு ஓரமா நடந்துக்கறேன்."

எங்கள் பகுதியில் ரோட்டு ஓரம் என்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடைமேடையில் கடை, அதற்கு வெளியே நிற்கும் ஸ்கூட்டர், அதற்கும் வெளியே மனிதர். அந்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் என்ன என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை. விதியை மதித்தவருக்குத்தான் தண்டனை கிடைத்தது. மதிக்காதவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிச் சொல்வதால் நாய்க்கடியை நான் இலேசாக எண்ணுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தலைமுறைக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினாலு ஊசி ஞாபகம் இருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு லூயி பஸ்தேர் கதை பாடம். 1885 ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஜோசப் மேஸ்தேர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் முதன்முதலாகத் தடுப்பூசி போட வைத்தார். பையன் பிழைத்தான். பஸ்தேர் காலமான செப்டம்பர் 28ஆம் தேதியைத்தான் உலகம் இன்று வெறிநாய்க்கடி நோய் தினமாகக் கொண்டாடுகிறது. நம் பக்கத்தில் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் அந்த ஊசிக்காகவே வந்தது. அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது. ஆகவே கடிபட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தச் சிறுவனின் தாயார் பயந்ததில் ஒரு தவறும் இல்லை. அந்தப் பயத்துக்கு நாம் கொடுத்த பதில்தான் தவறு.

பெஞ்சில் பேச்சு சூடாகிவிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "நாய் வேணும்னா வீட்ல வச்சிக்கட்டும். பூங்கா மனுஷனுக்கு" என்றார். தினமும் மரத்தடியில் தெருநாய்களுக்குச் சோறு போடும் பெண், "அப்போ அதுங்க எங்க போய்ச் சாப்பிடும் ஐயா?" என்றாள். இன்னொருவர், நாய்கள் காலைத் தூக்குவதால்தான் மரம் வாடுகிறது என்று புதிதாக ஒரு குற்றத்தைச் சேர்த்தார். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு நாயைப் பற்றிப் பேசினார்கள். கயிறு கட்டிய வீட்டு நாய், அவிழ்த்துவிட்ட வீட்டு நாய், தெருநாய். பலகை மூன்றையும் ஒரே வரியில் அடக்கியதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

விதிகள் என்ன சொல்கின்றன என்று தேடினேன். ஏற்கெனவே நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீட்டு நாய் விஷயத்தில் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பூங்காவில் வளர்ப்பு நாயை ஒரேயடியாகத் தடுப்பது சரியல்ல, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அதற்காக நாய் வைத்திருப்பவர் விருப்பம்போல நடக்கலாம் என்றும் இல்லை. தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 289ஆம் பிரிவு. அப்போது அபராதம் ஆயிரம் ரூபாய். அவிழ்த்துவிட்டு நடக்கும் அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னேன். அவருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியவில்லை.

தெருநாய்க்கு 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. சோறு போடுவதற்கு ஒரு இடத்தைக் குறிக்க வேண்டும். அது குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகப் பார்த்துப் போட வேண்டும். போடுகிறவர் மிச்சத்தை அள்ளி இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நாய்க்குக் காதோரத்தில் ஒரு சிறு வெட்டு அடையாளம் இருக்கும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22இல், தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்குங்கள் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி உத்தரவில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் இவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் பூங்காவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே எங்கள் பூங்காவுக்கு வழி நாங்கள்தான் பேசி முடிக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பூங்காவில் சோறு போட்ட இடம் எது தெரியுமா? ஊஞ்சலிலிருந்து பத்தடி தூரம். நேரம் மாலை ஐந்தரை. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து ஆடும் நேரம். அந்தப் பெண்ணின் மனசு நல்ல மனசு. இடமும் நேரமும்தான் பொருந்தவில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். நாய் மூத்திரத்தில் யூரியாவும் உப்பும் உண்டு. இளங்கன்றின் பட்டையில் தினம் தினம் பட்டால் அது கருகும். ஆனால் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத தூங்குமூஞ்சி மரத்தை நாய் ஒன்றும் செய்துவிட முடியாது. மரத்தை வாட்டியது நாம். பூங்காவை அழகுபடுத்தியபோது அடிமரத்தை ஒட்டிச் சுற்றிலும் சிமெண்டு போட்டுச் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசினார்கள். விழா நாளில் சீரியல் பல்பு கட்ட ஆணி. அந்த ஆணிகளின் மேல்தான் இப்போது பலகை.

மரத்துக்குத் தண்ணீரும் காற்றும் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் பரவி இருக்கும். மேலே சிமெண்டு போட்டால் மழை உள்ளே இறங்காது, வேர் மூச்சு விடாது. பட்டைக்கு அடியில்தான் உயிருள்ள அடுக்கு இருக்கிறது. ஆணி அதைக் கிழித்துவிடும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நுழையும். மரம் உடனே சாகாது. உள்ளுக்குள் பொத்தலாகி ஒரு புயலுக்காகக் காத்திருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலிலேயே டெல்லி நிர்வாகத்துக்கு, மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டை எடுங்கள், ஆணி, பலகை, கம்பி எல்லாவற்றையும் அகற்றுங்கள் என்று உத்தரவிட்டது. டெல்லி மரத்துக்கு ஒரு வேர், புதுச்சேரி மரத்துக்கு வேறு வேர் என்று இல்லை.

புயல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே வந்தது. வெளியே வந்து பார்த்தபோது ஊரே வேறு ஊராக இருந்தது. வேரோடு சாய்ந்த மரங்களால் தெரு அடையாளமே தெரியவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்து ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. எங்கள் தூங்குமூஞ்சி இரண்டையும் தாங்கி நிற்கிறது. மூன்றாவதைத் தாங்குமா என்பது புயலின் கையில் மட்டும் இல்லை.

இந்த ஊரில் மரத்தைப் போற்றியவர்கள் இருந்திருக்கிறார்கள். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தாவரவியல் பூங்காவைத் தொடங்கினார்கள். அதைக் கவனித்துவந்த பெரோத்தே என்ற தாவரவியல் அறிஞர் 1870இல் இங்கேயே காலமானார். தூங்குமூஞ்சியும் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த மரம்தான். யாரோ தாங்கள் உட்காராத நிழலுக்காக நட்டது நமக்கு வந்திருக்கிறது.

பாரிஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்குள்ள பூங்கா வாசல்களில் விதிப்பலகைகளைப் பொறுமையாகப் படித்திருக்கிறேன். செனட்டுக்குச் சொந்தமான லுக்சம்பூர் பூங்காவில் நாய் வரலாம், ஆனால் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும். கயிறு கட்டாயம். குழந்தைகள் ஆடும் இடத்தில் நாய் கூடவே கூடாது. அவர்களுடைய சட்டத்தில் 'அலைந்து திரியும் நாய்' என்றால் என்ன என்றுகூட அளந்து எழுதியிருக்கிறார்கள். எஜமானின் குரல் எட்டாத இடத்தில் இருந்தாலோ, அவரிடமிருந்து 100 மீட்டருக்கு மேல் விலகிப் போனாலோ அது அலையும் நாய். படிக்கும்போது சிரிப்பு வந்தது. யோசித்தால் எவ்வளவு வசதி! இப்படி அளவு இருந்தால் சண்டைக்கு இடம் இல்லை.

அங்கேயும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. 1982இல் ஷிராக் மேயராக இருந்தபோது, நடைபாதையில் நாய் போட்டதை உறிஞ்சி எடுக்கவே மோட்டார் வண்டிகளை ஓட்டினார்கள். வேடிக்கையாகவும் பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். இருபது வருடம் செலவு செய்து பார்த்துவிட்டு, இது ஆகாது என்று நிறுத்தினார்கள். நாயின் சொந்தக்காரரே குனிந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று முடிவானது. மரத்துக்கு அங்கே விலைக் கணக்கே இருக்கிறது. இனம், பருமன், ஆரோக்கியம், நிற்கும் இடம் எல்லாம் பார்த்து இந்த மரம் இத்தனை ஐரோ பெறும் என்று கணக்கிடலாம். வண்டி மோதிப் பட்டை உரிந்தால் அந்தக் கணக்கில் நஷ்டஈடு கேட்கலாம். நம் ஊரில் மின்கம்பத்தை இடித்தால் பணம் கட்ட வேண்டும். மரத்தை இடித்தால் யாரும் கேட்பதில்லை.

ஊர் திரும்பி வந்தவன் பெருமை பேசுகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கூடாது' என்று மட்டும் சொல்லாமல் 'எங்கே, எப்போது, எப்படி' என்று சொல்வதுதான் விதி. அதை அவர்களும் பட்டுத்தான் கற்றார்கள்.

எங்கள் பிரச்சினையைப் போய்ச் சொல்லக் கவுன்சிலர் கிடையாது. புதுச்சேரியில் 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றத்தின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமல் அதிகாரிகளே நடத்திவருகிறார்கள். எனவே வாத்தியார், சோறு போடும் பெண், கடிபட்ட பையனின் தாயார், நான் என நால்வரும் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். இரண்டு மாலை ஆயிற்று. வாத்தியார் ஒவ்வொரு வரியிலும் ஒற்றுப்பிழை பார்த்தார்.

1. வளர்ப்பு நாய், கயிற்றோடு, காலை 5 முதல் 6 வரையும் இரவு 8க்கு மேலும் மேற்குப் பக்கப் பாதையில் மட்டும் வரலாம்.

2. அசுத்தத்தைக் கொண்டுவந்தவரே எடுத்து வாசல் தொட்டியில் போட வேண்டும்.

3. ஊஞ்சல் இருக்கும் பகுதிக்குத் தனி வேலியும் கதவும் வேண்டும். எந்த நாய்க்கும் அங்கே இடம் இல்லை.

4. தெருநாய்க்குச் சோறு போடும் இடம் பூங்காவுக்கு வெளியே பின்சுவர் ஓரம். நேரம் இரவு 9க்கு மேல்.

5. பூங்காவைச் சுற்றியுள்ள நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, எத்தனை நாய்க்கு ஆயிற்று என்று எழுதி ஒட்ட வேண்டும்.

6. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் சிமெண்டை எடுத்து மண் விட வேண்டும். ஆணி, கம்பி, பல்பு எதுவும் மரத்தில் கூடாது. கன்றுகளுக்குப் போட்ட கம்பி வலை தண்டை இறுக்கும் முன் தளர்த்த வேண்டும்.

பையனின் தாயார் முதல் வரிக்குச் சம்மதிக்க நேரம் ஆனது. மூன்றாவது வரி எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். ஒப்புகை முத்திரை வாங்கி நகலைப் பத்திரப்படுத்தினேன். முத்திரை இல்லாத மனு போடாத மனு.

மூன்று முறை நடந்த பிறகு கொஞ்சம் அசைந்தது. பலகையைப் பிடுங்கி வாசலில் இரும்புக் கம்பத்தில் வைத்தார்கள். புதிய பலகையில் நேரமும் பாதையும் எழுதியிருக்கிறது. தூங்குமூஞ்சியைச் சுற்றியிருந்த சிமெண்டை உடைத்து எடுத்தார்கள். அடியில் மண் சாம்பல்போல வறண்டு கிடந்தது. தோட்டக்காரத் தம்பி இலைதழையைப் போட்டு மூடியிருக்கிறார். முதல் மழைக்கு அங்கே தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கியதை நாங்கள் நின்று பார்த்தோம். காதில் வெட்டு உள்ள நாய் இதுவரை மூன்று. இன்னும் நான்கு பாக்கி. ஊஞ்சலுக்கு வேலி வரவில்லை. நிதி இல்லையாம். சோறு போடும் பெண் பின்சுவர் பக்கம் போகிறாள். அந்தச் சுவரை ஒட்டிய வீட்டுக்காரர் இப்போது எங்களோடு பேசுவதில்லை. அவரையும் கூட்டி உட்கார வைத்துப் பேச வேண்டும். முதலிலேயே அவரையும் அழைத்திருக்கலாம் என்று வாத்தியார் சொல்கிறார். சரிதான்.

அந்த அம்மா திங்கட்கிழமையிலிருந்து வருகிறார். ஐந்து மணிக்கு, மேற்குப் பாதையில். நாய்க்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, மெதுவாகத்தான் நடக்கிறது. பையனின் தாயார் முதல் நாள் தள்ளி நின்று பார்த்தார். நேற்று "நாய் பேரு என்னங்கம்மா?" என்று கேட்டார்.

உங்கள் பகுதிப் பூங்காவிலும் இப்படி ஒரு மரம் சிமெண்டுக் கழுத்தோடு நிற்கும். ஒரு முழக்கோலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் மண் இல்லை என்றால், ஒரு வெள்ளைத்தாள், தேதி, கையெழுத்து, ஒப்புகை முத்திரை. நமக்கு நேரம் இருக்கிறது. மரத்துக்குத்தான் அவசரம்.